தழைக் கடன்

“எல்லாக் கொட்டையும் நாமளே பொறுக்கிக்கினா, மரத்துக்கு இன்னாம்மா மிச்சம்?”

சௌந்தரம் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்தோ ஆறோ வயது. வாய்க்கால் மேட்டில் நின்ற புங்க மரத்தடியில், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சவுரியம்மாள் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. “மரத்துக்கு ஆண்டவரு குடுப்பாரு. நீ அந்தப் பக்கம் உழுந்தத எடு” என்று சொல்லிவிட்டுக் கூடையை நகர்த்தினாள். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்லக் கூலிக்காரிக்கு நேரம் ஏது?

கேள்வி காற்றோடு போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். அது எங்கும் போகவில்லை. சௌந்தரம் வளர்ந்து, திமிரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனபிறகும் அந்த மேட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய சிற்றூர் அது. ஊருக்குக் கீழண்டை தோல் பதனிடுகிற ஷாப் ஒன்று. சவுரியம்மாளின் புருஷன் அந்தோணி அங்கே சுண்ணாம்புக் குழியில் இறங்கி இறங்கியே காலமும் உடம்பும் தீர்ந்துபோனவன். அவனுக்குப் பிறகு அவள் அதே ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கப் போனாள். பட்டைத் தூள் மூக்கிலும் நெஞ்சிலும் படிந்து, இருமினால் மஞ்சளாக வரும். அந்த வேலைக்கு நடுவே, மாசி பங்குனியில் மட்டும் புங்கங்கொட்டை பொறுக்கிச் செக்குக்காரரிடம் போடுவாள். மரத்தடி நிழலில் குனிந்திருப்பதே அவளுக்கு ஓய்வு மாதிரி.

புங்கன் ஏழைகளுக்கென்று வாய்த்த மரம். அதன் தழை வயலுக்கு உரம். கொட்டையை ஆட்டினால் விளக்குக்கும் சிரங்குக்கும் எண்ணெய். கிருஷ்ணாயில் வந்தபின் விளக்குக்கு அதைக் கேட்பார் இல்லை. ஆகவே கொட்டை அவளைப் போன்றவர்களுக்கும், தழை வயல்காரர்களுக்கும் என்று சண்டையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த மேட்டு மரத்துக்கு நேர் கீழே இருந்தது செல்லம்மாளின் வயல். அரைக் காணிதான். செல்லம்மாள் ஊர்த்தெருக்காரி, பிள்ளையில்லாத விதவை. இரண்டு பேரும் வயசுக் காலத்தில் ஒன்றாக நாற்று நட்டவர்கள். ஊரார் எதிரில் சவுரியம்மாள் அவளை ‘அம்மா’ என்பாள். வரப்பில் தனியாக இருந்தால் ‘அக்கா’ என்பாள். அந்த வித்தியாசத்தை இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

செல்லம்மாளின் வயலுக்கு ஒரு நோவு இருந்தது. தோல் ஷாப்பின் கழிவுத் தண்ணீர் மழைக்காலத்தில் வழிந்து அவள் கடை மடையில் ஏறும். தண்ணீர் வற்றினால் மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். புங்கந்தழையை நிறையப் போட்டுச் சேற்றில் மிதித்தால்தான் அந்த உப்பு அடங்கிப் பயிர் தலை எடுக்கும். “மத்தவங்களுக்குத் தழ எரு. எனக்கு மருந்துடி” என்று அவள் சொல்வாள்.

அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறு பங்குனியில் வந்தது. மந்திரித்த ஓலையை வீட்டு நிலையிலும் வயலிலும் கட்டுவது, ஊருக்கு ஒதுங்கியிருந்த சவுரியம்மாளின் கிறிஸ்தவத் தெரு வழக்கம். சவுரியம்மாளுக்கு வயல் ஏது? கோவிலிலிருந்து திரும்பும் வழியில் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஓலையைச் சிலுவையாக மடித்து, தனக்குச் சோறு போடுகிற மரம் இதுதானே என்று புங்கனின் தாழ்ந்த கிளையில் கட்டினாள். அதில் எந்தக் கள்ளமும் இல்லை.

வைகாசியில்தான் சங்கதி மாறியது. தோல் ஷாப் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற இஞ்சினுக்குப் பட்டணத்திலிருந்து பீப்பாயில் குருடாயில் எண்ணெய் வரும். விலை மந்தத்தில் தோல் விற்காமல் கிடந்தது. எண்ணெய் வாங்க முதலாளி கை சுருங்கிற்று. இஞ்சின் ஓட்டுகிற சத்தார் ஒருநாள் கொஞ்சம் குருடாயிலில் இஞ்சினைக் கிளப்பிவிட்டு, சூடேறினதும் புங்கெண்ணெயை வடிகட்டி ஊற்றிப் பார்த்தான். இஞ்சின் இரண்டு தரம் இருமிற்று. பிறகு ஓடிற்று. புகை மட்டும் வாடையடித்தது.

மறுநாள் வாய்க்கால் மேட்டில் அவன் சவுரியம்மாளையும் செல்லம்மாளையும் பார்த்துச் சொன்னான்.

“கொட்ட எவ்ளோ வந்தாலும் எடுத்துக்கறேன். ஜாஸ்தியா கொண்டா. காசு கெடயாது, மண்டியில அரிசி அளக்கச் சொல்றாரு மொதலாளி.”

“குருடாயில் குடிச்சிகினு இருந்தது, இப்ப புங்கெண்ணெ குடிக்குதா?” என்றாள் செல்லம்மாள். “இனிமேலாவது அதுக்குக் கண்ணு தெரியுமா பாய்? எங்கழனியில தண்ணி உடாம ஓடுமா?”

“அரே, அது இஞ்சினும்மா. கண்ணெல்லாம் மொதலாளிக்கித்தான்.”

“அவருக்கும் கெடையாதுன்னு சொல்லு.”

சத்தார் சிரித்துக்கொண்டே போய்விட்டான். சவுரியம்மாள் சிரிக்கவில்லை. அவள் காதில் அரிசி என்ற சொல் மட்டும் விழுந்திருந்தது.

காரணம் இருந்தது. சௌந்தரம் அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை, மாசியில் தாய் வீட்டுக்கு வரவேண்டும். அவள் மாமியார்க்காரி வாய்த்துடுக்கானவள். “பொண்ண அனுப்பலாந்தான். உங்க வூட்ல அடுப்பு எரியிறது மாசத்துல எத்தினி நாளு?” என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டாள். பிரசவத்துக்கு வருகிற மகளுக்குச் சோறில்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு நா வரும்? கொட்டை ஒரு மூட்டை சேர்ந்தால் போதும், ஒரு மாதச் சோறு. சவுரியம்மாள் அன்றிலிருந்து மரத்தின் காய்களைக் கண்ணாலேயே தடவிக்கொண்டிருந்தாள்.

ஆனால் மரம் ஒன்றுதானே? ஆடியில் தழைக்குக் கிளையை ஒடித்தால் அதிலுள்ள பச்சைக்காயும் சேற்றுக்குப் போகும். காயை விட்டுவைத்தால் வயலுக்குத் தழை இல்லை. கொட்டைக்கு மதிப்பில்லாத காலத்தில் இது ஒருவருக்கும் வழக்காகத் தோன்றவில்லை. இப்போது ஆற்றங்கரை நெடுகவும் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருத்தன் கட்டில் போட்டுக் காவலிருந்தான்.

ஆடி பதினெட்டு கழிந்து செல்லம்மாள் கொக்கியும் அரிவாளுமாக மேட்டுக்கு வந்தாள். சவுரியம்மாள் அங்கேதான் இருந்தாள். பட்டை இடித்துவிட்டு வந்த களைப்பு. வேரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். செல்லம்மாள் கொக்கியைத் தூக்கினவள் அப்படியே நின்றாள். தாழ்ந்த கிளையில் காய்ந்த ஓலைச் சிலுவை ஆடிக்கொண்டிருந்தது.

“இன்னாடி சவுரி, உங்க சாமிக்கு நேந்துகினியா? பொண்ணுக்காவ?”

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். ‘சும்மா கட்டினேன்க்கா, நீ ஒடி’ என்றால் நாலு சொல். சவுரியம்மாளுக்கு அரிசி நினைவுக்கு வந்தது, சம்பந்தியின் வாய் நினைவுக்கு வந்தது, உடம்பு முழுக்க அலுப்பாக இருந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“உம்.”

அவ்வளவுதான். அந்த ஓர் ஒலிக்குச் செல்லம்மாள் கொக்கியைத் தாழ்த்தினாள். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். “தெரியாம கை வெக்க இருந்தேன், ஆண்டவரே. பொண்ணு நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும்” என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றுப் பக்கமாக நடந்தாள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். சவுரியம்மாள் கூப்பிடவில்லை.

ஆற்றங்கரையில் செல்லம்மாளுக்குத் தழை கிடைக்கவில்லை. காவல்காரர்கள் விரட்டினார்கள். எருக்கும் ஆவாரையுமாகக் கிடைத்த இரண்டு கட்டுத் தழையைப் போட்டு மிதித்து நட்டாள்.

புரட்டாசியில் பயிர் பச்சை பிடித்தது. ஐப்பசி மழையில் ஷாப் தண்ணீர் கடை மடையில் ஏறிற்று. கார்த்திகையில் அந்தப் பக்கம் முழுக்கப் பயிர் மஞ்சளாகி, நுனி கருகி நின்றது. சவுரியம்மாள் தினமும் அந்த வரப்பு வழியாகத்தான் வேலைக்குப் போகவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போனாள். செல்லம்மாளோ மேட்டு மரத்தை விட்டுக்கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் ஆடு மேய்க்கிற ஒருவன் அந்த மரத்தில் கை வைத்தபோது, “டேய், அது சாமி மரம்டா, கை வெந்துபோயிடும்” என்று அவள் வயலிலிருந்து கத்தினது சவுரியம்மாள் காதில் விழுந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நிற்காமல் நடந்தாள். வேலைக்கு நேரமாகியிருந்தது.

தை அறுப்பில் செல்லம்மாளுக்குப் பாதி நெல்கூடக் காணவில்லை.

மாசி பிறந்தது. மரத்தில் காய் இன்னும் முற்றவில்லை. அந்த வருஷம் பனி நீண்டுபோயிற்று. ஆனால் சௌந்தரம் வந்துவிட்டாள். திமிரியிலிருந்து மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்ததில் வந்த மூன்றாம் நாளே வலி கண்டது. பெண் குழந்தை பிறந்தது. சவுரியம்மாள் அரிசிப் பானையைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் கேழ்வரகு மாவு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த அரிசிக்காக ‘உம்’ என்றாளோ அந்த அரிசி இன்னும் மரத்தில் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை வாசலில் குரல் கேட்டது.

“சவுரி! வூட்ல கீறியா?”

செல்லம்மாள் நின்றிருந்தாள். அந்தத் தெருவுக்குள் ஊர்த்தெருப் பெண்கள் வருவதில்லை. எதிர் வீட்டு ஜனங்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். செல்லம்மாள் இடுப்பில் ஒரு கூடை. அதில் புது அரிசி, மேலே நாலைந்து முட்டை, பூண்டு.

“அக்கா...” என்றாள் சவுரியம்மாள். தெரு நடுவில் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தானே அதைக் கவனிக்கவில்லை.

“இன்னா அப்பிடி முழிக்கிற? பெத்தவளுக்குப் பழைய அரிசிதான் ஆவும், புது அரிசி ஆவாதும்பாங்க. எங்கிட்ட கீறது இதான். கஞ்சியா வடிச்சுக் குடு. தள்ளு, கொழந்தயப் பாக்கணும்.”

குனிந்து உள்ளே வந்தாள். குழந்தையைக் கையில் வாங்கி, மூக்கைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்க ஆயா மாதிரி மூக்குடி உனக்கு. பாவம்.” பிறகு சௌந்தரத்திடம் சொன்னாள்: “உங்கம்மா நேந்துகினு மரத்துல சிலுவ கட்டினா. நானும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு கற்பூரம் கொளுத்திகினுதான் இருந்தேன். எந்தச் சாமி கேட்டுதோ, நல்லபடியா ஆச்சி.”

“உங்களுக்கு வெளச்சல் எப்பிடி பெரிம்மா?” என்று சௌந்தரம் கேட்டாள்.

“வயலுன்னா ஒரு வருசம் குடுக்கும், ஒரு வருசம் கையை விரிக்கும். அதவுடு. பால் கட்டுதா?”

சவுரியம்மாள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறகை ஊதினாள். ஊதுகிறவள் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அதே மாசியில் சாம்பல் புதன் வந்தது. பழைய குருத்தோலைகளைக் கோவிலில் ஒப்படைத்தால் அவற்றை எரித்துச் சாம்பலாக்கி நெற்றியில் பூசுவார்கள். சவுரியம்மாள் ஓலையை எடுக்க மேட்டுக்குப் போனாள். கிளையில் கை வைத்தவள் எடுக்காமல் நின்றாள். ஓலைச் சிலுவையைச் சுற்றி ஒரு மஞ்சள் நூல் கட்டியிருந்தது. அடியில் கல் ஒன்றின்மேல் கற்பூரம் எரிந்த கரி. ஒருத்தி பொய்யாக ‘உம்’ கொட்டியதை இன்னொருத்தி மெய்யாக்கி வைத்திருந்தாள். அதை அவிழ்த்துக் கொண்டுபோய் நெற்றியில் பூசிக்கொள்ள அவளுக்குத் துணிவு வரவில்லை. வெறுங்கையோடு கோவிலுக்குப் போனாள்.

பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டபோது பங்குச் சாமியாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

“என்னத்தைத் திருடினேன்னு சொன்ன?”

“தழ, சாமி.”

“தழையா? யார் வயத்தையாவது அடிச்சியா, பணம் காசு எடுத்தியா?”

“தழதான் சாமி. வயிறும் அதான்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஆம்பூருக்கும் வேலூருக்குமாக வண்டியில் அலைகிற கிழவர் அவர், அவருக்கும் அலுப்பு. மெல்லச் சொன்னார்:

“அந்தம்மா கிட்டப் போய்ச் சொன்னா உன் பாரம் எறங்கும். அவ ஏத்தின கற்பூரமெல்லாம் வீணுன்னு ஆயிடும். யார் பாரத்தை யார் தலையில வைக்கிறது? எடுத்ததைத் திருப்பிப் போடு. அது போதும்.”

பங்குனியில் காய் முற்றி உதிர்ந்தது. சவுரியம்மாள் பொறுக்கினாள். பொறுக்கும்போது சௌந்தரத்தின் பழைய கேள்வி பக்கத்திலேயே நின்றது. இந்தத் தடவை மரத்தைச் சுற்றிக் கொஞ்சத்தை அப்படியே விட்டாள். அது எதற்கென்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது. மூட்டையைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு தோல் ஷாப்புக்குப் போனாள். சத்தார் இஞ்சின் கொட்டகையில் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

“வா சவுரிம்மா. மண்டிக்குச் சொல்லட்டா? அரிசி அளப்பாங்க.”

“அரிசி வேணாம் பாய். ஆட்டின பெறகு வர்ற புண்ணாக்கக் குடு.”

சத்தார் அவளை ஏறிட்டுப் பார்த்தான். “புங்கம்புண்ணாக்கு மாடுகூட வாய் வெக்காது. நீ திங்கப் போறியா?”

“மண்ணு திங்கும்.”

“உனக்கு மண்ணு ஏது?”

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். சத்தார் தலையைச் சொறிந்தான்.

“புள்ள பெத்தவ வூட்ல கீறா. அரிசிய வேணாம்ன்ற. பேஜாரா கீதும்மா உன்னோட.” மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்து, “செக்குல நான் சொல்லிடறேன். மூட்ட உன்னுது ஒண்ணுதான்னு பாக்கமாட்டேன், ஜாஸ்தியாவே எடுத்துக்க. இஞ்சினுக்கு எண்ணெதான் வேணும், புண்ணாக்கு எனக்கு இன்னாத்துக்கு?” என்றான். மேற்கொண்டு அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் கொடுப்பதும் ஒரு தருமம்தான்.

அரிசி இல்லாமல் அந்தக் கோடை எப்படிப் போயிற்று என்றால், பட்டை இடித்துப் போயிற்று. சௌந்தரம் குழந்தையோடு திமிரிக்குத் திரும்பும்வரை சவுரியம்மாள் ஒரு வேளையைப் பச்சைத் தண்ணீரில் தள்ளினாள். மகளிடம், ஷாப்பிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். புண்ணாக்கைக் குடிசை மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள். அதன் வாடை குடிசை முழுக்க அடித்தது.

ஆடி திரும்ப வந்தது. ஒருநாள் வரப்பில் செல்லம்மாளைப் பார்த்துச் சொன்னாள்:

“அக்கா, நேர்த்தி தீந்துபோச்சி. பொண்ணும் நல்லபடியாப் போய்ச் சேந்தா. இனிமே மரத்துல நீ தழ ஒடிச்சிக்க. கீழக் கெளயெல்லாம் உன்னுது, உச்சிக் கொட்ட எனக்குப் போதும்.”

“நெசமாவா? சாமி கோச்சிக்காதே?”

“கோச்சிக்காதுக்கா.”

ஓலையைச் சவுரியம்மாளே அவிழ்த்தாள். மஞ்சள் நூலோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் எரித்தாள். ஒரு பிடிகூட இல்லாத அந்தச் சாம்பலை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கடைசி ஆடி வெள்ளியன்று அம்மன் கோவிலில் கூழ் வார்த்தார்கள். ஊரெல்லாம் அங்கே. செல்லம்மாள் தன் வீட்டுக் கூழ்க்குடத்தைச் சுமந்துகொண்டு காலையிலேயே போய்விட்டாள். வெள்ளிக்கிழமையாதலால் தோல் ஷாப்புக்கும் விடுமுறை. சத்தார் தொழுகைக்குப் போயிருந்தான், இஞ்சின் சத்தமில்லாமல் கிடந்தது. சவுரியம்மாளின் தெருக்காரர்கள் கிடைத்த ஓய்வில் படுத்துக்கிடந்தார்கள்.

அவள் புண்ணாக்கை உரலில் போட்டு இடித்தாள். பட்டை இடித்து இடித்துப் பழகிய கை. அன்று அது யாருக்கும் கூலிக்கு இடிக்கவில்லை. சாம்பலையும் அதில் கலந்தாள். கூடை கூடையாகத் தலையில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோனாள். முதுகு வலித்தது. இருமல் வந்தபோது வரப்பில் உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

செல்லம்மாள் மேல் பாதிக்குத் தழை போட்டு மிதித்திருந்தாள். கடை மடைப் பக்கத்துக்குத் தழை எட்டவில்லை போலும். சேறாகக் குழம்பி வெறுமையாகக் கிடந்தது. சவுரியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். இரண்டு கையாலும் தூளை விசிறினாள். பிறகு, இளவயதில் இருவரும் சேர்ந்து மிதித்ததுபோலவே, ஒரு ஓரத்திலிருந்து காலை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டே போனாள். அப்போது பாட்டு இருந்தது. இப்போது மூச்சு வாங்கிற்று. தூரத்தில் கோவிலில் பம்பை அடிக்கிற ஓசை காற்றில் விட்டு விட்டுக் கேட்டது.

தூளெல்லாம் சேற்றோடு கலந்து, மேலே ஒன்றும் தெரியாமல் போகும்வரை மிதித்தாள். தன் கால் தடங்களையும் கையால் தடவி மட்டம் செய்தாள். வாய்க்காலில் கூடையை அலசினாள், காலை அலசினாள். நெற்றியில் சிலுவை வரைந்துகொள்ளக் கையைத் தூக்கினாள். விரலில் இன்னும் புங்கன் வாடை அடித்தது. அப்படியே வரைந்துகொண்டாள்.

மேட்டு மரத்தைத் தாண்டும்போது அண்ணாந்து பார்த்தாள். கீழ்க்கிளைகள் மொட்டையாகியிருந்தன. உச்சியில் காய் ஆடியது. அவள் பொறுக்காமல் விட்ட கொட்டையிலிருந்து முளைத்த புங்கங்கன்று ஒன்று வேரோரமாக இரண்டு இலை விட்டிருந்தது. காலில் மிதிபடாமல் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து அவள் வீட்டுக்குப் போனாள்.